திருப்பி மாட்டிய மோட்டார் சைக்கிள்

இன்னாசி, தொம்மை, சந்தியாகு என்று மூன்று அண்ணன் தம்பிகள். கொக்கரைப்பட்டிக்காரர்கள். கடவுள் மூன்று பேருக்கும் நல்ல மனசைக் கொடுத்தார். அடுத்ததாக எதையோ கொடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் யாரோ கூப்பிட்டிருப்பார்கள் போல, அந்தப் பக்கம் போய்விட்டார்.

அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரியவர்கள் யார் எதைச் சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அந்த மாதிரிப் பிள்ளைகள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறார்கள்?

மூத்தவன் இன்னாசிக்குக் கல்யாணம்தான் தள்ளிக்கொண்டே போனது. கடைசியாகப் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் அப்பா, "வாங்க வாங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலை வாங்கக் கடைக்குப் போனார். மூன்று பேரும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்கள். அடுக்களைக்குப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் படுத்தார்கள். பெண்ணின் அப்பா வந்து கதவைத் தட்டியபோது, "யாரு வே அது, தூங்குத நேரத்துல" என்று உள்ளேயிருந்து சந்தியாகு கேட்டான்.

அந்தச் சேதி நாலு ஊருக்கும் போய்விட்டது.

இப்போது பனைவிளையிலிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பெண் பெயர் அமலோற்பவம், அமலி என்று கூப்பிடுவார்கள். அவள் அப்பா பாக்கியநாதன் வேறு எதுவும் கேட்கவில்லை. "மாப்பிள்ளை வண்டியில வந்து எறங்கட்டும். தெருவுல நமக்கும் ஒரு மதிப்பு இருக்கும்லா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

"இந்த இடமும் தட்டிப் போச்சுன்னா, இனிமே எம் பிள்ளைக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாவ" என்று அம்மா சூசையம்மாள் அந்தோணியார் படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டாள். இன்னாசி கிணற்றடியில் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தான். அன்றைக்கு அது மூன்றாவதோ நாலாவதோ முகக் கழுவல். அவனுக்கும் ஆசை இருக்காதா?

வண்டி கிடைத்தது. பந்தல்காரர் மாசிலாமணியின் பழைய மோட்டார் சைக்கிள். நல்ல வண்டிதான், ஆனால் அது எப்போது கெட்டுப்போனாலும் மாசிலாமணி பந்தல்காரராகவே அதைச் சரி செய்திருந்தார். பிரேக் கம்பி அறுந்ததா, தென்னைநார்க் கொச்சக் கயிறு. சைலன்ஸர் உடைந்ததா, ஒரு முழ மூங்கில். சீட்டு ஆடியதா, நாலு சுற்றுச் சுற்றிப் பந்தல் முடிச்சு. மிச்சமிருந்த இடத்திலெல்லாம் பாளை நார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு குட்டிப் பந்தலை உருட்டிக்கொண்டு வருவது போலவே இருக்கும்.

மெக்கானிக் வேலாயுதம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தலையில் அடித்துக்கொண்டார். அவர் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் பஸ் ஏறவேண்டிய அவசரம்.

"இதுல ஒண்ணும் பெரிய வேலை இல்லப்பா. நீங்களே செஞ்சிரலாம். மாசிலாமணி கட்டுனது எல்லாத்தையும் மொதல்ல அவுத்துருங்க. ஒரு கட்டு மிச்சம் இருக்கக் கூடாது. அப்புறம் செயினுக்கு எண்ணெய் போடுங்க. புது போல்ட்டு, நட்டு, கம்பி எல்லாம் இந்தப் பையில இருக்கு. கழட்டுனதையெல்லாம் நல்லாத் தொடச்சு, திருப்பி மாட்டுங்க. சரியா மாட்டிட்டீங்கன்னா வண்டி சும்மா பேசும்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நல்ல மனுஷர். என்ன செய்துவிட்டுப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

வண்டியிலிருந்த கயிற்றையெல்லாம் அவிழ்த்தார்கள். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு நாலு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. வண்டி என்று அங்கே இருந்ததே அந்தக் கயிறுதான் போலிருக்கிறது.

"அவ்வளவுதானே?" என்றான் இன்னாசி.

தொம்மை நடுப்பிள்ளை, யோசிக்கிறவன். அவன் யோசிக்க ஆரம்பித்தால் மற்ற இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"அண்ணே, வண்டியில கட்டுனதைன்னு அவரு சொல்லலியே. மாசிலாமணி கட்டுனது எல்லாத்தையும்னுதான சொன்னாரு."

"ஆமா."

"கோயிலு முன்னால திருவிழாப் பந்தல் யாரு கட்டுனது?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எழுந்து போனார்கள்.

பந்தலுக்கு அடியில் கோயில் உபதேசியார் நாற்காலி போட்டுக் கண்ணயர்ந்திருந்தார். இவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். அவரை எழுப்பாமல் சத்தமில்லாமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்கள். பந்தல் மெதுவாக, சாமரம் வீசுவது போல, அவர் மேல் இறங்கியது. கீற்றுக்கு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஆண்டவரே, தீர்ப்பு நாளு வந்துட்டா?"

"இல்ல உபதேசியாரே. வண்டி ரிப்பேரு" என்றான் சந்தியாகு.

திரும்பி வரும் வழியில் தொம்மை மறுபடியும் யோசித்து நின்றான்.

"அண்ணே, ஞானத்தக்கா கழுத்துல தாலி இருக்கே."

"அதுக்கென்ன?"

"அதை யாரு கட்டுனது?"

இன்னாசி ஓர் அடி பின்னால் வைத்தான். ஞானம் மாசிலாமணியின் மனைவி. கோபக்காரி இல்லை, ஆனால் பலசாலி. "அது வேண்டாம்டே" என்றான்.

"ஒரு கட்டு மிச்சம் இருக்கக் கூடாதுன்னு மெக்கானிக் சொல்லிருக்காரு. நாளப்பின்ன வண்டி ஓடலன்னா, அமலி வீட்டுல போயி என்னன்னு சொல்லுவ?"

அமலி பெயரைச் சொன்னதும் இன்னாசி நடந்தான்.

ஞானம் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் வரிசையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, தப்பா நெனைக்கக் கூடாது. உங்க தாலியை அவுக்கணும்."

ஞானம் துடுப்பைக் கீழே வைத்தாள். "எதுக்குலே?"

"வண்டிக்கு."

அவள் அவர்களை ஒரு நிமிஷம் பார்த்தாள். இவர்களை அடித்தால் பாவம் வரும் என்று அவளுக்கும் தெரியும்.

"ஏலே மக்கா, அந்த மனுசன் ஆயுசுல எத்தனையோ கட்டிருக்காரு. கட்டுனதுல அவுராம நிக்கது இது ஒண்ணுதான். இதையும் அவுத்துட்டா நாளைக்கு அவருக்கு யாரு வேலை குடுப்பா? போங்கலே."

அதில் நியாயம் இருப்பதாகத் தொம்மைக்குப் பட்டது. மூன்று பேரும் கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அடுத்தது செயினுக்கு எண்ணெய். வீட்டில் செயின் போட்டிருப்பது அம்மா ஒருத்திதான். அவள் அந்தோணியார் படத்துக்கு முன்னால் கண்ணை மூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தியாகு நல்லெண்ணெயைப் பதமாகச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, பின்னால் நின்று, கழுத்துச் செயின் நெடுக ஊற்றினான். சூசையம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. கழுத்தில் இளஞ்சூடாக ஏதோ இறங்கி முதுகெல்லாம் பரவியதும், "எம் மன்றாட்டு கேட்டுட்டுய்யா" என்று அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கடைசியில் மாட்டுகிற வேலை. இங்கேதான் பெரிய விவாதம் நடந்தது.

"சீட்டு இப்படித்தான இருந்திச்சு?" என்று இன்னாசி வைத்துப் பார்த்தான்.

"அப்படி வச்சா அது சும்மா மாட்டுதது" என்றான் தொம்மை. "அவரு திருப்பி மாட்டச் சொன்னாரு."

"திருப்பின்னா?"

"சட்டையைத் திருப்பிப் போடுன்னு அம்மை சொன்னா என்ன செய்வ? தோசையைத் திருப்பிப் போடுன்னா என்ன செய்வ?"

இன்னாசிக்கு விளங்கிவிட்டது. சீட்டைத் திருப்பி மாட்டினார்கள். முன்னால் இருந்த விளக்கைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டினார்கள். முன் நம்பர் பலகை பின்னாலும் பின் நம்பர் பலகை முன்னாலும் போயின. கண்ணாடியைக்கூட விடவில்லை. ஹேண்டில் மட்டும் எவ்வளவு முயன்றும் திரும்ப மாட்டேன் என்று முன்னாலேயே நின்றுவிட்டது.

"அது பிடிவாதக்கார ஜாமான். விட்டுரு" என்றான் சந்தியாகு.

அப்புறம் மூன்று பேரும் வண்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். வண்டி பேசவேண்டுமே. வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி வாயைத் திறக்கவில்லை.

"புது ஆளுங்கன்னு வெக்கப்படுது" என்றான் தொம்மை. "ஒரு உதை குடுத்துப் பாரு."

இன்னாசி மனசில்லாமல் கிக்கரை ஓர் உதை உதைத்தான். அந்தோணியார் புண்ணியமோ, வண்டியின் தலையெழுத்தோ, சட்டென்று உயிர் வந்துவிட்டது.

"புறப்படு புறப்படு புறப்படு" என்றது வண்டி.

சொல்லிவிட்டதே, வேறென்ன? புறப்பட்டார்கள். நல்லவேளை, அன்றைக்குத்தான் பெண் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை. இன்னாசி புது வேட்டி கட்டியிருந்தான். சீட்டு பின்னால் பார்த்து இருந்ததால் மூன்று பேரும் பின்னால் பார்த்தே உட்கார்ந்தார்கள். இன்னாசி கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு எதிரே தம்பிமார் முதுகு.

"ஏலே, போற வழி தெரியலியே" என்றான் இன்னாசி.

"போனப்புறம் தெரியும்ணே" என்றான் தொம்மை. சொன்னபடியே தெரிந்தது. ஒவ்வொரு பனையும் அவர்கள் கடந்த பிறகு ஒழுங்காக வந்து நின்றது. பனைவிளைக்குப் போவது ஒரே நேர்ரோடு. கடவுள் இப்படிப்பட்டவர்களுக்கென்றே சில ரோடுகளை நேராகப் போட்டு வைத்திருக்கிறார்.

பனைவிளையில் பாக்கியநாதன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் வண்டி தெரிந்தது. அதன் மேல் மூன்று முதுகுகள் தெரிந்தன.

"ஐயையோ" என்றார் பாக்கியநாதன். "வந்துட்டுப் போறாவளே."

அவர் வீட்டு ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர் மனைவி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். "நான் அடுப்படியில நின்னேன். நீங்க வாங்கன்னு கேட்டிருப்பியன்னு நெனச்சேன்."

"நான் வாசலுக்கு வந்ததே இப்பத்தான். அமலி, நீ காப்பி குடுத்தியா?"

"அம்மை குடுத்திருப்பான்னு நெனச்சேன்" என்றாள் அமலி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து.

போகிறவர்கள் சிறுசாகிக்கொண்டே போவதுதான் உலக வழக்கம். இவர்கள் போகப் போகப் பெரிசாகிக்கொண்டே இருந்தார்கள். பாக்கியநாதனுக்கு அது கொஞ்சம் வித்தியாசமாகத்தான் பட்டது. ஆனாலும் வெளியூர்க்காரர்கள், நாம் ஏன் ஒன்று சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டார்.

"நல்ல அகலமான முதுகு" என்றாள் அமலி மெதுவாக. "கையைப் பின்னால கட்டிக்கிட்டு என்ன அடக்கமா உக்காந்திருக்காவ."

வண்டி வாசலைத் தாண்டியது. தாண்டியதும் பாக்கியநாதன் துள்ளினார். "திரும்பிட்டாவ, திரும்பிட்டாவ. நம்மளைப் பாத்துத்தான் வராவ. இலையைப் போடு." இலை போட்டார்கள். வருகிறவர்களோ வர வரச் சிறுசாகிக்கொண்டே வந்தார்கள். பின்சக்கரம் கிளப்பிய புழுதியில் முகம் ஒன்றும் தெரியவில்லை. கை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. கடைசியில் வந்து சேராமலே மறைந்துபோனார்கள்.

வண்டியின் மேலே அதே நேரத்தில் இன்னாசி தம்பிமார் தலைக்கு மேலாக எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொம்மை, அது பொண்ணு வீடு மாதிரி இருக்கே."

"பொண்ணு வீடேதான். எல்லாரும் வாசல்ல நின்னு கையாட்டுதாவ பாரு. நம்மளை வழியனுப்புதாவ."

"அப்போ பாத்தாச்சா?"

"பாக்காமயா வழியனுப்புவாவ?"

இன்னாசி ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலில் ஒரு மஞ்சள் தாவணி தெரிந்தது. "எனக்குப் புடிச்சிருக்குடே" என்றான்.

வண்டி அடுத்த ஊர் வைக்கோற்போரில் புகுந்து நின்றது. மூன்று பேரும் காயமில்லாமல் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். பெண் வீட்டுக்காரர்கள் விரட்டாமல் அனுப்பிய முதல் பயணம் அதுதான்.

மறுநாளே பாக்கியநாதன் சொல்லி அனுப்பினார். "எங்களுக்குப் பரிபூரண சம்மதம். எத்தனையோ மாப்பிள்ளை வந்து பாத்தாச்சு. காப்பியில ஒரு குத்தம் சொல்லாம, பேச்சுல ஒரு வார்த்தை அதிகமில்லாம, இவ்வளவு தங்கமான பிள்ளையை நாங்க பாத்ததே இல்ல." கோயிலில் கல்யாண ஓலையும் வாசித்தாகிவிட்டது.

கல்யாணத்தன்று இன்னாசி முன்கூட்டியே வந்து பீடத்துக்கு முன்னால் நின்றுவிட்டான். பெண் வீட்டார் கோயிலுக்குள் நுழைந்தபோது பாக்கியநாதனின் முகம் மலர்ந்தது. "அதே மாப்பிள்ளைதான். இந்த முதுகை நான் எங்க கண்டாலும் சொல்லிருவேன்."

பூசை முடிந்தது. தாலி கட்டியாயிற்று. பொண்ணும் மாப்பிள்ளையும் கோயிலைவிட்டு வெளியே போகத் திரும்பினார்கள். பாக்கியநாதன் உற்றுப் பார்த்தார். ஒரு மீசை, ஒரு மூக்கு, முன்பின் தெரியாத ஒரு முகம்.

"சாமி, ஆளு மாறிப் போச்சு" என்று தடுமாறி எழுந்தார். பெண் வீட்டுப் பக்கம் முழுக்க எழுந்துவிட்டது. இன்னாசி தன் மீசையைத் தடவிப் பார்த்தான். அவனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அமலிதான் பதறாமல் நின்றாள். அவன் முழங்கையை மெல்லத் தொட்டாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

சொன்னதைச் சொன்னபடியே செய்கிற பிள்ளை, திரும்பினான். கையிரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டான். பெண் வீட்டார் எல்லாருக்கும் மூச்சு வந்தது. சாமியாரும் சிலுவை போட்டுக்கொண்டார். இனிமேல் யாருக்கும் குழப்பம் வரவேண்டாம் என்று, வாசல்வரைக்கும் அமலி அவன் கையைப் பிடித்துப் பின்பக்கமாகவே நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் கல்யாணப் படம் பாக்கியநாதன் வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறது. அமலி முன்னால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் இன்னாசியின் முதுகு. வருகிறவர்களுக்கெல்லாம் பாக்கியநாதன் அதைக் காட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எம் மருமகன் முகத்துல என்ன களை பாத்தீரா?"