கையில்லாப் பொம்மை அடித்த பத்து மணி

கடிகாரம் என்றால் என்னவென்றே ஊருக்குத் தெரியாத காலத்தில், பூவேலிச் சீமையைக் குமாரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் புத்தி நிமிஷத்துக்கு ஒன்று. அவருக்குக் கப்பல் வியாபாரி ஒருவன் தங்கக் கடிகாரம் ஒன்று கொடுத்தான். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். குமிழை அழுத்தினால் போதும், முகப்பில் நிற்கும் இரண்டு குட்டித் தங்கப் பொம்மைகள் மாறி மாறிச் சுத்தியலை ஓங்கும். அப்போது மணி எத்தனையோ அத்தனை தடவை 'டிங்' என்று கேட்கும். அடேயப்பா, ராஜாவுக்குக் கை சும்மா இருக்குமா? சாப்பாட்டு நடுவில் டிங், வழக்கு விசாரணையில் டிங்!

தினமும் அதற்குச் சாவி கொடுத்துப் பெட்டியில் வைத்துச் சபைக்குக் கொண்டு வருபவள் செங்கமலம். ராஜா முதலில் பேசுவது அவளோடுதான். அதில் சபைப் பெரியவர் கஸ்தூரி ராயருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

ஒருநாள் ராஜா பெட்டியைத் திறந்தால், இடப்பக்கப் பொம்மையின் கை ஒடிந்து கிடக்கிறது. ஆடித் தீர்த்துவிட்டார் மனுஷர்.

ராயர் மெல்ல எழுந்தார். "பிரபு, காலையில் எட்டு மணிக்குக் கடிகார அறைப் பக்கம் போனேன். உள்ளே ஏதோ விழுந்த சத்தம். அப்புறம் இவள் குமிழை அழுத்தினாள். எட்டு கேட்க வேண்டிய இடத்தில் நாலுதான் கேட்டது. இடப்பக்கப் பொம்மையின் அடி விழவே இல்லை. என் காதாலே கேட்டேன்."

"பொழுது சாய்வதற்குள் சீமையை விட்டுப் போய்விடு," என்றார் ராஜா.

இந்த ஊரை விட்டால் செங்கமலத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது. "போகிறேன் மகாராஜா. அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். ராயர் கேட்டதைச் சபையும் கேட்கட்டும்."

ராஜாவுக்கு அழுத்தச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அழுத்தினார். அப்போது மணி பத்து. கையில்லாத பொம்மை சும்மா நிற்கிறது, ஆனால் பத்தும் ஒன்று குறையாமல் கேட்டது.

"இவன் எதைக் கொண்டு அடித்தான்?" என்று ராஜா வாயைப் பிளந்தார்.

செங்கமலம் பின்மூடியைத் திறந்து காட்டினாள். "பொம்மைகள் கையை ஆட்டுவதோடு சரி. சத்தம் போடுகிற சுத்தியல் இதோ, உள்ளே இருக்கிறது. சாவி கொடுக்கிற எனக்கு இது தெரியும். ராயருக்குத் தெரியாது. அதனால்தான் நாலு கேட்டதாகச் சொல்கிறார்."

கையை ஒடித்தது தான்தான் என்று ராயர் ஒப்புக்கொண்டார்.

"பொம்மைக்குக் கை ஒட்டுகிற வரை நீர்தான் இடப்பக்கப் பொம்மை," என்றார் ராஜா. "சிம்மாசனத்துக்கு இடப்பக்கம் நின்று ஒவ்வொரு டிங்குக்கும் கையை ஓங்கி இறக்கும்." பிறகு செங்கமலத்தைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும், கேள் அம்மா," என்றார்.

"ஊரில் இருந்தால் போதும் மகாராஜா. வேண்டுமானால் சபையில் ஒரு தடவை நான் அழுத்திக்கொள்கிறேன்."

"இப்போதே அழுத்து."

"கொஞ்சம் பொறுத்து அழுத்துகிறேன்," என்று அவள் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். சரியாகப் பன்னிரண்டு மணி ஆனதும் எழுந்து வந்து அழுத்தினாள். ராயரின் கை பன்னிரண்டு தடவை ஓங்கி இறங்கியது.