ஒரே கிளாஸில் இரண்டு பூட்டு

கம்பைலர்கள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மனிதர் எழுதும் நிரலைப் படித்து, கணினிக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அவற்றின் வேலை. எதை எழுதிக் கொடுத்தாலும் மாற்றித் தரும். முடியாது என்று மறுக்கும் வழக்கம் மட்டும் அப்போது அவற்றுக்கு இல்லை.

சங்குமுனை என்ற கடற்கரை ஊரில் பெர்னதெத் என்ற பெண் இருந்தாள். கடலில் இருக்கும் படகுகளுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் நிரல் அவள் எழுதியது. அதில் 'எச்சரிக்கை' என்று ஒரு கிளாஸ், அதாவது செய்திகளை வார்க்கும் அச்சு. அதை அப்ஸ்ட்ராக்ட் என்று அவள் குறித்திருந்தாள். வெறுமனே 'எச்சரிக்கை' என்று அனுப்பினால் படகில் இருப்பவன் என்ன செய்வான்? புயலா, பேரலையா என்று தெரிய வேண்டாமா? அதனால் அந்தத் தாய் கிளாஸிலிருந்து நேராக ஒரு செய்தியும் உருவாகாது. அதன் பிள்ளைகளான புயல் எச்சரிக்கையும் அலை எச்சரிக்கையும்தான் செய்தியாகிக் கடலுக்குப் போகும்.

பக்கத்துத் துறைமுகத்தில் ஒருவர் அவசரப்பட்டு 'மழை எச்சரிக்கை' என்று இன்னொரு பிள்ளையை அதே நிரலில் எழுதிச் சேர்த்தார். லேசான தூறலுக்கே அது எல்லாப் படகுகளையும் கரைக்குக் கூப்பிட்டுவிட்டது. அன்று நல்ல மீன்பாடு. வலையைப் பாதியில் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் பெர்னதெத்தைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அவளுடைய அண்ணன் சூசைமரியானும் அந்தக் கூட்டத்தில் இருந்தான்.

"இனிமே நீ நெசமாவே கூப்பிட்டாலும் ஒருத்தனும் திரும்ப மாட்டான், பாத்துக்க" என்றான்.

அதன்பின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கைவைத்தவள் எழுந்து போய்த் திரையைப் பார்ப்பாள். வந்து உட்காருவாள். மறுபடியும் எழுந்து போவாள். வேறு யாராவது எதையாவது சேர்த்துவிட்டால்?

மறுநாள் காலை, அப்ஸ்ட்ராக்ட் என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே ஃபைனல் என்று எழுதினாள். அப்படி எழுதினால் அந்தக் கிளாஸின் வழியில் யாருமே பிள்ளை கிளாஸ் எழுத முடியாது.

கம்பைலர் படித்துவிட்டுத் தயங்கியது.

"அக்கா, இந்த ரெண்டும் ஒண்ணா..."

"தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன். மாத்திக் குடு. இருக்கிற தலைவலி போதும்."

அவள் குரலைக் கேட்டதும் கம்பைலர் அடங்கிவிட்டது. அந்தச் சொல் தடுத்தது இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளை மட்டும் அல்ல. ஏற்கெனவே இருந்த பிள்ளைகளும் எச்சரிக்கையின் வழியில் வந்தவை இல்லை என்று ஆகிப்போயின. கம்பைலர் அவற்றை ஓசையில்லாமல் விலக்கி வைத்தது. "ஆச்சு அக்கா" என்றது.

மூன்றாம் நாள் நடுப்பகலில் தென்கிழக்கே வானம் கறுத்தது. ஓட்டுக்கூரை தடதடத்தது. நாற்பது பேர் கடலில் இருந்தார்கள், சூசைமரியானும்தான். பெர்னதெத் ஓடிவந்து திரையைப் பார்த்தாள். ஒரு செய்தியும் போயிருக்கவில்லை.

"புயல் எச்சரிக்கை எங்க?"

"இல்லக்கா."

"இல்லன்னா?"

"தாய்லேருந்து நேரா எதுவும் உருவாகக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. பிள்ளையும் கூடாதுன்னு எழுதிட்டீங்க. அப்புறம் எதை அனுப்புறது?"

"அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"சொல்ல வந்தேன். நீங்க கோபமா இருந்தீங்க."

அவள் ஃபைனல் என்ற சொல்லை அழித்தாள். அவசரத்தில் பக்கத்துச் சொல்லும் சேர்ந்து அழிந்தது. அதை மறுபடி எழுதினாள். கம்பைலர் விலக்கி வைத்திருந்த பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்து மாற்றி முடித்ததும் புயல் செய்தி கடலுக்குப் போனது.

பிறகு கரைக்கும் அறைக்குமாக ஓடிக்கொண்டே இருந்தாள். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. பொழுது சாயும் நேரத்தில் சூசைமரியானை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிவந்தார்கள். அவனோடு போன ஆரோக்கியம் வரவில்லை.

"சேதி வந்தப்போ அலை தலைக்கு மேல நின்னுச்சு" என்றான் சூசைமரியான். "கால் மணி முந்தி வந்திருந்தா அவனைக் கொண்டாந்திருப்பேன்." அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

பெர்னதெத் அறைக்குத் திரும்பினாள். ஈரச் சேலையோடு கம்பைலரின் முன்னால் நின்றாள். உட்கார முடியவில்லை.

"இனிமே நான் கோபமா இருந்தாலும் சொல்லணும்."

"சொன்னா கேப்பீங்களா அக்கா?"



"கேக்க மாட்டேன். அதனால சொல்றதோட விட்டுடாத. மாத்தித் தர முடியாதுன்னு நின்னுடு. நான் கத்தினாலும் நின்னுடு."

கம்பைலர் அதைத் தன் இனத்தார் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியது.

அதற்குப் பிறகுதான், ஒரே கிளாஸுக்கு அப்ஸ்ட்ராக்ட், ஃபைனல் இரண்டையும் எவர் எழுதினாலும், என்ன அவசரமாக இருந்தாலும், கம்பைலர் அந்த வரியைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்துவைப்பதில்லை.