பாரின் காத்து ஆறு மூட்டை

போடியில் மொக்கராசுவிடம் விலை சொன்னவர்கள் நிறையப் பேர். சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வீடு போனவர் ஒருத்தரும் கிடையாது. பழைய சாக்கு வியாபாரி. தலையில் சாக்குக் கட்டு சுமந்து ஆளானவர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும், பேரம் நாக்கு நுனியில் இருக்கும். எஸ்டேட் முதலாளி ஒருவரிடம் வாய் வலிக்கச் சண்டை போட்டு, கடல் தாண்டி வந்த ஒரு பழைய பாரின் ஜீப்பை வாங்கி வைத்திருந்தார்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. மலையானாலும் ஏறும். ஆனால் மற்ற ஜீப்பு மாதிரி அடியில் இரும்புப் பட்டை கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு ரப்பர் பை, பைக்குள் காற்று. அந்தக் காற்றின் மேல்தான் வண்டியே உட்கார்ந்திருக்கும். வயசாகி பைகள் கீறல் விட்டுவிட்டன. நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள், சேற்றில் படுத்த எருமை மாதிரி வண்டி வயிற்றைத் தரையில் போட்டுவிடும்.

மறுநாள் மலைக்கோயிலில் மொக்கராசுவின் தங்கச்சி மகனுக்கு முடியெடுப்பு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் முதல் முடி எடுக்க வேண்டும். மழையில் பாதை கரைந்து கிடந்தது, சீர் ஏற்றிக்கொண்டு போக இந்த ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் மடி கொடுக்க ஆள் தயார். மொக்கராசுவின் சித்தப்பா மகன் தவசி முந்தின நாளே நடந்து மேலே போய்விட்டான்.

"வண்டி படுத்திருச்சாமேண்ணே? பரவாயில்ல, என் மடி சும்மாதான் கிடக்கு" என்று போனும் போட்டான்.

பெரிய ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலிக்கு மொக்கராசு ஒரு கத்துக் கத்திவிட்டு, நேராகப் பொம்மையன், ஒய்யணன், சன்னாசி என்ற மூன்று அண்ணன் தம்பிகளின் ஷெட்டுக்குப் போனார். பாதிக் கூலிக்கு ஒத்துக்கொண்டார்கள். வேலை தெரியாதுதான். ஆனால் அவர்களுடைய மச்சான் கோயமுத்தூரில் பெரிய மெக்கானிக். அவர் போனில் சொல்லச் சொல்ல அப்படியே செய்வார்கள். அப்படியே என்றால், அப்படியே.

"கேட்டுக்கங்கடா" என்றார் மொக்கராசு. "கழட்டுனது ஒண்ணு விடாம என் கைக்கு வரணும். பழசை எடுத்து வித்துத் திங்கிற சோலியெல்லாம் என்கிட்ட வேணாம். வண்டி கோயில் வாசல்ல நின்னாத்தான் கூலி."

"கழட்டுனது எல்லாமேண்ணே" என்று மூத்தவன் பொம்மையன் நெஞ்சில் கை வைத்தான்.

மச்சான் போனில் வந்தார். "மொதல்ல ஜாக்கி போட்டுத் தூக்குங்க மாப்ளே. சக்கரம் தரையில படக்கூடாதுங்க."

தூக்கினார்கள். ஒய்யணன் வீட்டுக்கு ஓடிப்போய்க் கோரைப்பாய் கொண்டுவந்தான். சக்கரங்களுக்கு அடியில் பாயை விரித்து, வண்டியைப் பத்திரமாக மறுபடி இறக்கினார்கள்.

"படலை மச்சான். ஒரு மண்ணுகூடப் படலை."

"சபாசுங்க. இனி ஸ்டாண்டு மேல ஏத்திருங்க. ஏத்திட்டு, பைக்குள்ள மிச்சமிருக்கிற காத்தை வெளிய எடுத்திருங்க."

ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று. கடைசித் தம்பி சன்னாசி ஸ்பேனரைத் திருகப் போனவன் கையை நிறுத்தினான். "அண்ணே, காத்தும் கழட்டுற சாமான்தானே?"

பொம்மையன் முகம் இருண்டது. "பைக்குள்ள இருந்துதான வருது. அப்ப மொதலாளிக்குத்தான் சேரணும்."

"அதுவும் பாரின் வண்டிக் காத்து" என்றான் ஒய்யணன். "இங்க ரோட்டோரம் அடிக்கிற காத்து மாதிரியா? சிந்தாம எடுங்கப்பா."

ஜீப்பின் பின்னால் மொக்கராசுவின் ஏலக்காய்ச் சாக்குகள் கிடந்தன, வாசம் போகாமலிருக்க உள்ளே பிளாஸ்டிக் பை வைத்தவை. குழாய் முனையைச் சாக்கின் வாய்க்குள் நுழைத்து, புஸ்ஸென்று வந்ததையெல்லாம் பிடித்து இறுக்கிக் கட்டினார்கள். ஆறு மூட்டை தேறியது. ஏழாவது கால் மூட்டையோடு நின்றுவிட்டது. பார்க்கப் பரிதாபமாக இருந்ததால், ஒய்யணன் மீதியை வாயால் ஊதி நிரப்பப் போனான். பொம்மையன் பளாரென்று ஒன்று வைத்தான்.

"தொழில்ல கலப்படம் பண்ணாதடா!"

பழைய பையைக் கழற்றிப் புதுப் பையை மாட்டினார்கள். கம்ப்ரஸர் ஓடியது. வண்டி மெல்ல எழுந்தது. மூன்று பேரும் கும்பிட்டார்கள்.

"சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க" என்றார் மச்சான். "நுரை கெளம்புச்சுன்னா அங்க லீக்குங்க."

பைகளில் நுரை இல்லை. ஆனால் சன்னாசி தெளித்த தண்ணீர் ஒய்யணன் தலையில் விழுந்து, அவன் அரிக்கிறதே என்று சொறியவும் மண்டை முழுக்க நுரை பொங்கியது.

"மச்சான், ஒய்யணன் மண்டையில நுரை!"

"அங்க லீக்குன்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க மாப்ளே" என்று சிரித்தார் மச்சான். இவர்கள் சிரிக்கவில்லை. பஞ்சர் டியூபை நாடாவாக வெட்டி ஒய்யணன் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள்.

"எறக்கி விட்டு அளந்து பாருங்க. முன்னாலயும் பின்னாலயும் ஒரே உசரம் இருக்கோணும்."

அளந்தார்கள். முன்பக்கம் நாலு விரல் கூடுதல். கடப்பாரையால் முன்சக்கரத்துக்கு அடியில் குழி தோண்டினார்கள். இப்போது பின்பக்கம் கூடுதல், அங்கேயும் தோண்டினார்கள். மறுபடி முன்பக்கம். பொழுது சாய்கிற நேரத்துக்கு வண்டி எல்லாப் பக்கமும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டது. கதவைத் திறக்கத்தான் முடியவில்லை, மண் இடித்தது.

விடிந்ததும் மொக்கராசு சீர்த்தட்டுகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஜீப்பின் பின்பக்கம் கூரை முட்ட மூட்டை.

"என்னடா இது?"

"உங்க காத்துண்ணே. ஆறே கால் மூட்டை."

மொக்கராசுவுக்கு நெற்றி நரம்பு புடைத்தது. "கூமுட்டைகளா! காத்தைப் போயா கட்டி வச்சிருக்கீங்க? தூக்கி எறிஞ்சுட்டுச் சீரை ஏத்துங்கடா!"

"சரிண்ணே" என்றான் பொம்மையன் பணிவாக. "வேணாம்னா நாங்களே வச்சுக்கிறோம்."

மொக்கராசு அப்படியே நின்றார். குப்பையை எவனாவது வச்சுக்கிறேன் என்பானா? என்கிறான் என்றால் அதில் என்னவோ இருக்கிறது. சந்தையில் அடிபட்டு உதைபட்டு அவர் கற்றது அது ஒன்றுதான்.

"ஏன்டா வச்சுக்கிறே?"

"பாரின் காத்துண்ணே. தேனி வரைக்கும் தேடுனாலும் கிடைக்காது."

"எடுடா கையை! யார்கிட்ட?" என்று பாய்ந்தார். "அந்தக் கால் மூட்டை எங்க? அதையும் ஏத்து!"

சீர்த்தட்டுகளுக்கு இடம் இல்லை. ஷெட்டிலேயே இறங்கின. ஜன்னல் வழியாக எல்லாரும் உள்ளே நுழைந்தார்கள். நாலு சக்கரமும் ஒன்றாக உறுமி இழுக்க, வண்டி குழியை விட்டு எழும்பி, புதுப் பைகளின் மேல் மிதந்துகொண்டே மலை ஏறியது.

கோயில் வாசலில் தவசி சம்மணம் போட்டிருந்தான். மடியில் பிள்ளை. முடியெடுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எந்திரிடா!" என்று இறங்கும்போதே கத்தினார் மொக்கராசு.

"சீர் எங்கண்ணே? வெறும் மடியை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கே?"

அண்ணன் தம்பிகள் ஆளுக்கு இரண்டு மூட்டையை ஒற்றை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்து வந்தார்கள். கூட்டம் வாய் பிளந்தது.

"உள்ள என்னண்ணே?"

"காத்து. பாரின் காத்து. இருபது வருசத்துச் சரக்குடா. நம்ம வம்சத்துல எவனாச்சும் இப்படி ஒரு சீர் வச்சிருக்கானா, சொல்லு பாப்போம்?"

தவசி யோசித்துப் பார்த்தான். நிசமாகவே யாரும் வைத்ததில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

மொக்கராசு உட்கார்ந்து மருமகனை மடியில் வாங்கினார். கண் கலங்கியது. பிள்ளையின் தலையில் ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. முடியெடுப்பவர் கொஞ்சம் சோப்பைப் போட்டுத் தேய்த்தார்.

"ஐயோ, நுரை!" என்று அலறினான் சன்னாசி. "பிள்ளைக்கு மண்டையில லீக்கு!"

ஒய்யணன் தன் தலையிலிருந்த டியூபைத் தடவினான். "எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு."

பிள்ளை வீலென்று கத்தியது. அதுவும் காற்று போகிற சத்தம் மாதிரியேதான் இருந்தது. பொம்மையன் வண்டியில் கிடந்த கால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "இந்தாங்கண்ணே, பிள்ளை இறங்குறதுக்குள்ள ஏத்திருவோம்!"

"தூரப் போடா!" மொக்கராசு எகிறினார். "என் மருமகனுக்குப் பழைய காத்தா? கம்ப்ரஸரைக் கொண்டாந்து ஓட விடு. என்ன விலையானாலும் சரி, புதுசு அடி!"

ஓரமாக நின்ற தவசி தொண்டையைக் கனைத்தான். "அப்ப அந்தப் பழசு வேணாம்னா, நான் வச்சுக்கிறேன்ணே."

மொக்கராசுவின் கண் சுருங்கியது. நுரைத் தலையோடு பிள்ளையை இடுக்கிக்கொண்டு ஒரே தாவாகத் தாவி, ஆறு மூட்டைக்கும் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஏன்டா வச்சுக்கிறே?"

தவசி பதில் சொல்வதற்குள் அடியில் புஸ்ஸென்று ஒரு சத்தம். தாய்மாமனும் மருமகனும் இடது பக்கமாகச் சாய்ந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கினார்கள்.

பொம்மையன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"ஒரே உசரம் வரலை. ஒய்யணா, கடப்பாரையை எடு."