தளவாயின் பெரிய வார்த்தை

கருங்குன்ற நாட்டை வல்லபராயர் ஆண்ட காலத்தில் அவருடைய படைக்கு அனந்தராயர் தளவாயாக இருந்தார். அவருக்குச் சின்ன வார்த்தைகள் பிடிக்காது. படை நடத்துகிறவர் பேச்சு பட்டத்து யானைபோல அசைந்து வரவேண்டும் என்பது அவர் எண்ணம்.

எதிரிப் படை எல்லையிலுள்ள ஆற்றை நெருங்கியது. தளவாய், சிறுபடைத் தலைவர்களான ஐந்து சேர்வைகளையும் அரசர் முன்னிலையில் அழைத்தார்.

"எதிரி ஆற்றில் இறங்கியதும் சதுர்முக சம்பந்த விசாலக் கிரமத்தை அனுசரியுங்கள்" என்றார்.

நான்கு பேர் "உத்தரவு" என்று தலையாட்டினார்கள். ஐந்தாமவர் அழகாத்திரி சேர்வை மட்டும், "அதற்கு நான் என்ன செய்யணும் ஐயா?" என்று கேட்டுவிட்டார்.

தளவாய் முகம் சிவந்தது. "மகாராஜா, படைமொழி தெரியாதவனுக்குப் பதவி எதற்கு? வாளை வாங்கிக்கொண்டு ஊருக்கு அனுப்புங்கள்."

மற்றவர்களுக்குப் புரிந்திருக்கிறதே என்று அரசரும் தலையசைத்தார். அழகாத்திரி இடுப்பு வாளை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு கைக்கு அகப்படவில்லை.

அப்போது சபை விகடர் நாச்சியப்பர் எழுந்தார்.

"கொஞ்சம் பொறும் சேர்வை. மகாராஜா, புரிந்த நால்வரும் அதை ஒருமுறை செய்து காட்டட்டும். இவரும் பார்த்துக் கற்றுக்கொண்டே ஊர் போகட்டும்."

"செய்யட்டுமே" என்றார் தளவாய்.

"ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தால் ருசி இருக்காது. கண்ணைக் கட்டிவிடுவோம்."

முற்றத்தில் நால்வரையும் கண் கட்டி நிறுத்தினார்கள். தளவாய் கட்டளையை முழங்கினார். முதல் சேர்வை வாளை உருவிக்கொண்டு முன்னால் ஓடிக் கொடிமரத்தில் மோதினார். இரண்டாமவர் கேடயத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாமவர் பின்பக்கமாகவே நடந்து குதிரைத் தொட்டிக்குள் விழுந்தார். நான்காமவர் நின்ற இடத்திலேயே, "உத்தரவு, உத்தரவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதில் எது சரி, தளவாயே?" என்றார் அரசர்.

தளவாய் குரலைத் தாழ்த்தினார். "எதுவும் இல்லை மகாராஜா. கரையை விட்டு விலகி நிற்கவேண்டும். எதிரி கரை ஏறியதும் நாலு பக்கமும் வளைக்கவேண்டும்."

"இதை இப்படியே சொன்னால் என்ன?"

"ஒற்றர் காதில் விழுந்தால் புரிந்துவிடுமே மகாராஜா."

நாச்சியப்பர் கைகட்டி நின்றார். "தளவாயைக் குறை சொல்லக்கூடாது மகாராஜா. ஒரே வார்த்தையில் நாலு படையைக் கலைத்துவிட்டார். எதிரிகூட இதுவரை செய்ததில்லை. இத்தனை பலமான ஆயுதம் நம்மிடம் எதற்கு? எதிரித் தளபதிக்குக் காணிக்கையாக அனுப்பிவிடுங்கள். 'என்ன செய்யணும்' என்று கேட்க அங்கே ஓர் அழகாத்திரி இல்லாவிட்டால், நாம் ஆற்றங்கரைக்கே போகவேண்டியதில்லை."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். நாச்சியப்பருக்குத் தம் சால்வையைப் போர்த்தினார். அழகாத்திரியின் வாளைத் தாமே இறுகக் கட்டிவிட்டார்.

"தளவாயே, இனி உம் கட்டளை எதுவும் முதலில் இவரிடம் போகட்டும். இவர் தலையாட்டினால்தான் படைக்குப் போகவேண்டும்" என்றார்.