யானையார் கால்தடம் பதித்த தெரு

பாறைக்கும் குளத்துக்கும் நடுவே இருந்த சரிவு நிலத்தை ஒரு நரி வளைத்துப் போட்டது. புதரை வெட்டியது. முளைக்குச்சி அடித்தது. நடுவில் ஒரு தெரு, இரண்டு பக்கமும் மனைகள், முகப்பில் ஒரு வளைவு. "வாங்க, வாங்க! காத்து உண்டு, தண்ணி உண்டு, குளம் கூப்பிடு தூரம்!" என்று காடெல்லாம் கூவியது.

தண்ணீர் உண்டு என்று நரி சொன்னது பொய்யில்லை. மழை பெய்தால் பாறையில் விழுகிற தண்ணீர் அத்தனையும் அந்தச் சரிவு வழியாகத்தான் குளத்துக்குப் போகும். அந்த வழியின் மேலேயே நரி தெருவைப் போட்டிருந்தது. அதை மட்டும் அது யாரிடமும் சொல்லவில்லை.

காட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. யார் குடியிருப்பு போட்டாலும் யானையார் வந்து பார்க்க வேண்டும். ஒரு யானை உள்ளே போய்த் திரும்பி வருகிற அகலத்துக்குத் தெரு இருக்க வேண்டும். வீட்டு வாசல்களைவிடத் தெரு தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு ஓரமும் வாய்க்கால் வெட்டி, அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். தீயோ வெள்ளமோ வந்தால் காப்பாற்ற ஓடி வருகிறவர் யானையார்தான். அவர் நுழைய முடியாத தெரு தெருவே அல்ல என்பது காட்டின் முடிவு. சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. சட்டம் எங்கேதான் தெளிவாக இல்லை?

எல்லாம் சரியாக இருந்தால் யானையார் வளைவுக்குப் பக்கத்தில் ஈரக் களிமண்ணில் ஒரு காலை அழுத்தி வைப்பார். காய்ந்ததும் அந்தத் தடம்தான் ஒப்புதல்.

யானையார் பார்வையிட வந்த அன்று நரி வளைவில் மாவிலை கட்டியிருந்தது. ஒரு கட்டுக் கரும்பும் தயாராக வைத்திருந்தது. வளைவை ஒட்டித் தெரு நல்ல அகலமாக இருந்தது. உள்ளே போகப் போகக் குறுகிக்கொண்டே போனது. கடைசி மனை வாசலில் யானை திரும்ப இடமே இல்லை. ஆனால் அதைப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே நடக்க வேண்டுமே!

"கடைசி வரைக்கும் ஒரு நடை போய்ப் பார்த்துடலாமா?" என்றார் யானையார், கரும்பை மென்றபடி.

"ஐயோ, இந்த வெயில்லயா!" என்று நரி பதறியது. "உங்க கண்ணுக்கு இங்கிருந்தே எல்லாம் தெரியுமே ஐயா!"

"அதுவும் சரிதான்!"

காலை அழுத்தினார். கரும்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இத்தனை பெரிய உடம்பு. நாலு எட்டு உள்ளே நடக்க அதற்கு வலித்துவிட்டது.

அப்புறம் கேட்கவா வேண்டும்? "யானையார் கால்தடம் பதித்த மனை!" என்று நரி கூவக் கூவ மனைகள் போய்விட்டன. வளைவுக்கு உள்ளே இடப்பக்கம் முள்ளம்பன்றி வாங்கியது. அதற்கு எதிரே கீரி வாங்கியது. கொஞ்சம் தள்ளி மயில். கடைசியில், பாறைக்கு அடியில், ஒரு முயல். அதற்குக் குட்டி போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஐந்து குட்டிகள், கண்கூடச் சரியாகத் திறக்காத பச்சைக் குட்டிகள்.

"கடைசி வீடு. யாரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க. பிள்ளைங்க பயமில்லாம தெருவில விளையாடலாம்" என்று முயல் சந்தோஷமாக வளை தோண்டியது.

முதல் மழையிலேயே தெரு சேறாகிவிட்டது. நரி வெட்டிய வாய்க்கால் கோழி கிளறின பள்ளம் அளவுக்குத்தான் இருந்தது. எல்லோரும் போய் நரியைப் பிடித்தார்கள். நரி என்ன செய்தது? வாய்க்காலை ஆழமாக வெட்டியதா? இல்லை. சேற்றின் மேலேயே சரளைக்கல்லைக் கொட்டி மிதித்துவிட்டது. அடுத்த மழைக்கு அதுவும் குழைந்தது. அதன் மேல் இன்னொரு அடுக்கு கொட்டியது. இப்படியே கொட்டிக் கொட்டித் தெரு மேலே ஏறியது; வீடுகள் எல்லாம் கீழே போயின. தெருத் தண்ணீர் வாசல் வழியாக உள்ளே வந்து விசாரிக்க ஆரம்பித்தது.

"என்ன நரியண்ணே இது?" என்று கேட்டதற்கு, "ரோடு போட்டுக் கொடுத்தாச்சு! வீட்டை உசத்திக்கறது உங்க பாடு!" என்று சொல்லிவிட்டு நரி அடுத்த காட்டுக்கு மனை போடப் போய்விட்டது.

அதோடு தெருவுக்கே புத்தி கெட்டது. முள்ளம்பன்றி கல் அடுக்கித் தன் வாசலை உயர்த்தியது. வாசல் உயர்ந்தால் ஏறப் படி வேண்டாமா? படியை எங்கே வைத்தது? வாய்க்காலை மூடி, தெருவில் வைத்தது. எதிர்வீட்டுக் கீரி பார்த்தது. "அவன் ரெண்டு படி வைப்பான், நான் பார்த்துட்டு இருப்பேனா?" என்று மூன்று படி வைத்தது. தோகையில் சேறு ஒட்டக் கூடாதென்று மயில் படிக்குப் பதிலாக ஒரு சரிவுக்கல்லைப் போட்டது. அது தெருவில் பாதியை அடைத்தது. சொந்த மனையில் ஒரு சாண் விட யாருக்கும் மனசு வரவில்லை. தெரு பொதுவாயிற்றே, அதில் எத்தனை சாண் எடுத்தால் என்ன!

முயல் மட்டும் என்ன செய்யும்? வளையைத் தூக்கி மேலே வைக்க முடியுமா? பாறைத் தண்ணீர் முன்னால் போக வழியில்லாமல் அதன் வாசலிலேயே தேங்கி நின்றது. ஒவ்வொரு மழைக்கும் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு அது ஈரமில்லாத மூலையைத் தேடியது.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் முள்ளம்பன்றி வீட்டுக்குப் போனது.

"அண்ணே, உங்க படியை ஒரு சாண் உள்ளே தள்ளிக்குங்க. வாய்க்கால் வாய் திறந்தாப் போதும், தண்ணி அதுபாட்டுக்குக் குளத்துக்கு ஓடிடும். எனக்கு அஞ்சும் பச்சைக் குட்டிங்கண்ணே!"

"நான் மாட்டேன்னா சொன்னேன் முயலக்கா? முதல்ல எதிர்வீட்டுக்காரனைத் தள்ளச் சொல்லு!"

முயல் எதிர்வீட்டுக்கு ஓடியது.

"முதல்ல படி வச்சது யாரு? அவன்தானே!" என்றது கீரி. "அவன் எடுக்கட்டும். அடுத்த நிமிஷம் நான் எடுக்கிறேன்!"

முயல் மயிலிடம் ஓடியது. மயில் தன் சரிவுக்கல்லைத் தடவிக்கொண்டே கேட்டது: "எவ்வளவு வழவழப்பு பார்த்தியா? இதைப் போய் எடுக்கச் சொல்றியே, உனக்கு ரசனையே கிடையாதா?"

"தண்ணி வருதே மயிலண்ணே!"

"உன் வீட்டுக்குத்தானே வருது!"

முயலுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மறுபடியும் முள்ளம்பன்றி, மறுபடியும் கீரி. அவன் எடுக்கட்டும், இவன் எடுக்கட்டும். நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் யானையாரிடமே போய் நின்றது.

"ஐயா, ஒரு தடவை எங்க தெருவை வந்து பாருங்க."

"எந்தத் தெரு?"

"நரி போட்ட தெருங்க. பாறைக்குக் கீழே."

"அட, அது நான் கால்தடம் பதிச்ச தெருவாச்சே!" என்றார் யானையார். "அதில எப்படித் தப்பு இருக்கும்?"

"தப்பு இருக்குங்க ஐயா!"

"தப்பு இருந்தா நான் ஏன் தடம் பதிச்சிருக்கப் போறேன்?"

முயல் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியது. மூன்று வீடும் பெரிய சட்டமும் இருந்தும், ஒரு சாண் வாய்க்கால் கிடைக்கவில்லை.

ஐப்பசி வந்தது. ஒரு நாள் விடிந்ததிலிருந்தே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பாறையிலிருந்து தண்ணீர் பெருகி இறங்கியது. முயலின் வளை முழுகிவிட்டது. முயல் குட்டிகளை வெளியே இழுத்து, வாசலில் இருந்த மண்மேட்டில் ஏறி நின்றது. கவ்விக்கொண்டு ஓடலாமென்றால் ஒரு தடவைக்கு ஒரு குட்டியைத்தான் கவ்வ முடியும். மற்ற நான்கை யாரிடம் விட்டுப் போவது?

"அண்ணே! தம்பி! யாராவது வாங்களேன்!"

அவரவர் உயரமான வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார்கள். இறங்கி யாரும் வரவில்லை. "பார்த்து அக்கா, பார்த்து! குட்டிங்களைப் பத்திரமாப் பிடிச்சுக்கோ!" என்று கீரி குரல் கொடுத்தது. ஆலோசனைக்கு மட்டும் அந்தத் தெருவில் பஞ்சமே கிடையாது!

"யானையாரே!" என்று முயல் காடு அதிரக் கத்தியது.

யானையாரைக் குறை சொல்லக் கூடாது, கத்தின குரலுக்கு ஓடித்தான் வந்தார். வளைவைத் தாண்டினார். முள்ளம்பன்றி வீட்டுப் படிக்கும் கீரி வீட்டுப் படிக்கும் நடுவே உடம்பைக் கொடுத்தார். மாட்டிக்கொண்டார்! முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அந்த இரண்டு படிகளுக்கும் நடுவிலிருந்த சந்து வழியாகத்தான் தண்ணீர் ஏதோ கொஞ்சமாவது குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது தக்கை போட்டு அடைத்த மாதிரி அதுவும் நின்றுவிட்டது.

தண்ணீர் ஏறியது. முள்ளம்பன்றியின் இரண்டு படியும் முழுகின. உயர்த்திய வாசலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போனது.

"ஐயையோ! என் வீட்டுக்குள்ள தண்ணி!"

"மூணு படி வச்சேனே! எனக்கும் வருதே!" என்று கீரி அலறியது. "ஐயா, கொஞ்சம் பின்னால போங்க!"

"போக முடிஞ்சா நான் ஏன் இங்கே நிக்கிறேன்?" என்று யானையார் பிளிறினார். "படியை இடிங்க!"

"யார் வீட்டுப் படியை?"

"ஏதாவது ஒண்ணை இடிங்க!"

"அப்ப எதிர்வீட்டுப் படியை இடிக்கச் சொல்லுங்க!" என்று இரண்டும் ஒரே குரலில் கத்தின.

கேட்டீர்களா அநியாயத்தை? கழுத்தளவு தண்ணீரிலும் அதையேதான் சொன்னார்கள்! தண்ணீர் மூக்கைத் தொட்ட பிறகுதான் புத்தி வந்தது. முள்ளம்பன்றி பாய்ந்து தன் படியைத் தானே பிய்த்தது. கீரி தன் மூன்று படியையும் நகத்தால் பறித்து எறிந்தது. அவன் எடுக்கட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. கெஞ்சிக் கெஞ்சி முயலுக்குக் கிடைக்காத ஒரு சாண், கண் மூடித் திறப்பதற்குள் கிடைத்துவிட்டது.

யானையார் முண்டி முன்னால் நகர்ந்தார். அடுத்து மயிலின் சரிவுக்கல். தோகை நனைந்து ஈரத் துடைப்பம் போல் நின்ற மயில், "சீக்கிரம் மிதிங்க ஐயா! அதை உடைச்சுத் தள்ளுங்க!" என்று தானே கெஞ்சியது. கல் நொறுங்கியது. அடைபட்டிருந்த தண்ணீர் இரண்டு ஓரமும் வழி கண்டு, இரைச்சலோடு குளத்தைப் பார்த்து ஓடியது.

யானையார் கடைசி வீட்டை அடைந்தபோது மண்மேட்டில் பாதி கரைந்திருந்தது. முயல் மார்பளவு தண்ணீரில் பின்னங்காலில் நின்றுகொண்டிருந்தது. குட்டிகளைத் தலைமேலும் தோள்மேலும் ஏற்றி வைத்திருந்தது. யானையார் தும்பிக்கையை நீட்டிக் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தன் முதுகில் ஏற்றினார். ஐந்தும் உயிரோடு இருந்தன. கடைசியாகத் தாயைத் தூக்கினார்.

பிறகு வெளியே போகத் திரும்பப் பார்த்தார். திரும்ப ஏது இடம்? அவ்வளவு பெரிய யானை, வளைவு வரைக்கும் பின்பக்கமாகவே நடந்தது.

வளைவுக்குப் பக்கத்தில் அவருடைய பழைய கால்தடம் இருந்தது. அதில் மழைத் தண்ணீர் நிரம்பியிருந்தது. யானையார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு எட்டு நடந்திருக்கலாம்" என்றார்.

"நடந்திருக்கலாம் ஐயா" என்றது முதுகிலிருந்த முயல்.

யானையார் வெட்கத்தோடு அந்தத் தடத்தைத் தானே மிதித்து அழித்தார்.

மழை விட்டதும் அவர் நேராக அடுத்த காட்டுக்குப் போனார். அங்கே நரி புதிய வளைவுக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தது. "வாங்க ஐயா, வாங்க! கரும்பு சாப்பிடுங்க!"

"கரும்பு இருக்கட்டும். நீ முன்னால நட. கடைசி மனை வரைக்கும் போவோம்."

நரி மென்று விழுங்கிக்கொண்டு நடந்தது. யானையார் பின்னாலேயே நடந்தார். தெரு குறுகியது. அவர் நிற்கவில்லை. முளைக்குச்சிகள் அவர் காலடியில் பொடியாயின. கடைசி மனையில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு நரி கத்தியது: "ஐயா, திரும்ப இடமில்லையே!"

"எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் இருந்தது" என்றார் யானையார். நரி அத்தனை குச்சியையும் பிடுங்கி, அகலமாக அடித்து, வாய்க்காலை ஆழமாக வெட்டி முடிக்கும் வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

பழைய தெருவிலும் சரளையைச் சுரண்டி எடுத்தார்கள். வாய்க்கால் ஓடியது. முயல் புது வளை தோண்டிக்கொண்டது. எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? நினைத்துக்கொள்ளுங்கள்!

வெயில் காலம் வந்தது. ஒரு காலையில் முள்ளம்பன்றி ஒரு பெரிய கல்லை உருட்டி வந்து வாய்க்கால் மேல் வைத்தது.

"என்ன அண்ணே அது?" என்று கேட்டது முயல்.

"ஒண்ணுமில்லை அக்கா, ஒரே ஒரு கல்லுதான். கால் வச்சு ஏறறதுக்கு. மழைக்குத்தான் இன்னும் எத்தனையோ மாசம் இருக்கே!"

முயல் தன் ஐந்து குட்டிகளையும் கூட்டி வந்தது. அந்தக் கல்லின் மேல் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்துகொண்டது. முள்ளம்பன்றி கெஞ்சியது, கோபித்தது, "இது என் வாசல்!" என்றது. முயல் அசையவில்லை. பொழுது சாயும் நேரத்தில், "சரி, எழுந்திரு தாயே! எடுத்துத் தொலைக்கிறேன்!" என்று முள்ளம்பன்றி கல்லை உருட்டிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் அது எழுந்தது.

வாசலோடு நின்று தெருவுக்கு ஒப்புதல் தருகிறவரும், தன் வாசலுக்காகத் தெருவில் ஒரு சாண் பிடிக்கிறவரும், ஆபத்து வரும்போது தங்களைக் காக்க வருகிறவரின் வழியைத்தான் அடைக்கிறார்கள்.