கண்ணாடி வீட்டுக்குப் போன கொப்பு

கொலம்பிய நாட்டு மலைச்சரிவு ஒன்றில் ஒரு கஞ்சாச் செடியும் ஓர் அரிவாளும் வெகுகாலமாகக் கூடி வாழ்ந்தன. இரண்டுக்கும் உடையவள் தியோசெலினா என்ற விவசாயி.

அந்த நாளில் கஞ்சா வளர்ப்பது குற்றம். ராணுவம் வரும், பிடுங்கும், தீ வைக்கும். ஒரு கொப்பை ஊன்றினாலே புதுச் செடி வந்துவிடும். அதனால் மலையில் ஒரு வழக்கம் இருந்தது. எவர் தோட்டத்துச் செடி தப்புகிறதோ, அவர் கேட்டவர்க்கெல்லாம் கொப்பு வெட்டிக் கொடுக்க வேண்டும். விலை பேசக் கூடாது. எதற்கு என்று விசாரிக்கக் கூடாது. அடுத்த முறை எரியப்போவது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

பிறகு சட்டம் மாறியது. மருந்துக்காக வளர்க்கலாம் என்றார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் உட்கார்ந்துகொண்டு, லைசென்ஸ் என்ற தாள் ஜீப்பில் மலைக்கு வந்தது.

"அண்ணே, இனி நான் நிமிர்ந்து நிற்கலாமா?" என்று கேட்டது செடி.

"முதலில் அது வாயைத் திறக்கட்டும்," என்றது அரிவாள்.

லைசென்ஸ் செடியை மேலும் கீழும் பார்த்தது. "வேலி உண்டா? கேமரா உண்டா? பரிசோதனைக் கூடம்?"

"மழை உண்டு. வெயில் உண்டு."

"நீ எந்த ரகம்? வம்சத்துக்குப் பதிவு எண் இருக்கிறதா?"

செடிக்கு ரோஷம் வந்துவிட்டது. "இந்த மலையில் நிற்பவற்றில் பாதி என் பிள்ளைகள். மூன்று தீக்குத் தப்பியவள் நான். என்னிடமா வம்சம் கேட்கிறாய்?"

"கோபப்படாதே. மாதிரிக்குக் கொஞ்சம் கொப்பு கொடு. எல்லாம் முறைப்படி பதிவாகிவிடும்."

அரிவாளுக்கு மனம் ஒப்பவில்லை. "தாயி, இது பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரவில்லை," என்று தியோசெலினாவிடம் சொன்னது.

"கேட்டு வந்தவருக்கு இல்லை என்று நான் சொன்னதில்லை," என்றாள் அவள். நன்றாகத் துளிர்த்த நாலு கொப்புகளை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி ஜீப்பில் வைத்தாள். ஓட்டுநருக்குக் காபியும் கொடுத்தாள்.

சில மாதங்களில் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய கண்ணாடி வீடு எழுந்தது. உள்ளே வரிசை வரிசையாகக் கஞ்சாச் செடிகள். மேலிருந்து பார்த்த செடிக்குப் பெருமை தாங்கவில்லை.

"என் பிள்ளைகள், அண்ணே. ராணுவமே காவல் நிற்கிறது, பாருங்கள்."



அறுவடைக்கு முன் லைசென்ஸ் மறுபடி வந்தது. இம்முறை அதோடு ஒரு நோட்டீசும் வந்திருந்தது.

"இந்த ரகம் கண்ணாடி வீட்டின் பெயரில் பதிவாகியிருக்கிறது. அனுமதி இல்லாமல் இங்கே ஒன்று நிற்கிறது. நாளை மதியத்துக்குள் அது இருக்கக் கூடாது."

"அவையெல்லாம் என் கொப்பிலிருந்து வந்தவை!" என்றது செடி.

"பதிவேட்டில் அப்படி ஒரு வரி இல்லை."

தியோசெலினா முன்னே வந்தாள். "தாயும் பிள்ளையும் ஒரே ஜாடையாக இருந்தால் யாரைப் பிடிப்பீர்கள், ஐயா?"

"காகிதம் இல்லாதவரை," என்று சொல்லிவிட்டு லைசென்ஸ் ஜீப்பில் ஏறியது.

செடி அரிவாளின் பக்கம் திரும்பியது. "கொடுத்தது தப்பா, அண்ணே?"

"கொடுத்தது தப்பில்லை. அது எரிந்து பிழைத்தவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம். எரித்தவனுக்கும் அது பொருந்தும் என்று நினைத்தோம் பார், அதுதான் தப்பு."

தியோசெலினா அக்கம்பக்கத்துக்கு ஆள் அனுப்பினாள். பொழுது சாய்வதற்குள் பதினோரு வீட்டார் வந்துவிட்டார்கள். முன்னால் நின்ற எவேலியோ என்ற விவசாயி, "எங்களுக்கும் நோட்டீசு வரும், தெரியுமில்லையா?" என்றான்.

"வேண்டாமென்றால் போ," என்றாள் அவள்.

"வேண்டாமென்றா சொன்னேன்? நல்ல கொப்பாகப் பார்த்து வெட்டு."

அரிவாள் செடியருகே வந்து தயங்கியது. "தங்கச்சி..."

"வெட்டுங்கள், அண்ணே. என்னை அழித்தோம் என்று அவர்கள் எழுதிக்கொள்ளக் கூடாது."

கொப்புகள் ஒவ்வொன்றாகப் பதினோரு திசைக்கும் போயின. கடைசியில் மிஞ்சிய தண்டையும் தியோசெலினா வேரோடு எடுத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் லைசென்ஸ் வந்தபோது அங்கே ஒரு குழிதான் இருந்தது. பக்கத்தில் அரிவாள் கிடந்தது.

"செடி எங்கே?" என்று கேட்டது லைசென்ஸ்.

"சட்டம் வருவதற்கு முன்னால் எங்கெல்லாம் இருந்ததோ, அங்கெல்லாம்," என்றது அரிவாள்.