தெய்வானையின் வளைவு

“மனுசங்களா இவங்க? ஆடுமாடு கூடச் சொன்னாக் கேக்கும்யா!”

முள்வேலியைக் காட்டிப் பொருமினாள் தெய்வானை. சரணாலயக் காட்டில், அருவிக்குப் போக அவள் வெட்டிய முதல் நடைபாதை அது. பாதை போடக் கற்றுக்கொடுத்த அருளப்பன் பக்கத்தில் நின்றிருந்தார்.

பாதை ஓரிடத்தில் கொண்டை ஊசியாய் வளைந்து மேலேறும். வருகிறவர்களுக்கு வளைவுவரை நடக்கப் பொறுமை கிடையாது. சரிவில் குறுக்கே ஏறிவிடுவார்கள். முள்ளைப் போட்டாள், தள்ளிவிட்டு ஏறினார்கள். எச்சரிக்கைப் பலகை நட்டாள், அதையே பிடித்துக்கொண்டு ஏறினார்கள்.

சரிவு மண் இளகிவிட்டது. மழைக்குள் இதை நிறுத்தாவிட்டால் பாதையையே மூடிவிடுவதாக ரேஞ்சர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அருளப்பன் முள்ளையெல்லாம் இழுத்து அப்பால் போட்டார்.

“ஐயா!”

அவர் மேல்பாதைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

“தண்ணிப் பாட்டிலைக் கீழ மரத்தடியிலயே விட்டுட்டேன். நாக்கு வறண்டு கிடக்கு. எடுத்துட்டு வர்றியா தாயி?”

இவருக்கு நேரம் காலமே கிடையாதா என்று எரிச்சலாய் வந்தது. ஆனாலும் ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து பாட்டிலை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. அவள் காலையே பார்த்தார்.

கணுக்கால்வரை செம்மண். பாதையிலோ அவளே பரப்பிய சரளைக்கல்.

திரும்பிப் பார்த்தாள். சரிவில் அவள் காலடி புத்தம்புதிதாய்க் கிடந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நீங்க தாகம்னு சொன்னீங்க. கீழேருந்து பாத்தா நீங்க உக்காந்திருக்கிறது பளிச்சுனு தெரிஞ்சுது. கால் தானா...”

பேச்சை நிறுத்திவிட்டுச் சரிவை மறுபடி பார்த்தாள். பிறகு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

விராலிப் புதர்களை வேர்மண்ணோடு பெயர்த்து வந்து சரிவில் நெருக்கமாய் நட்டாள். கீழே நின்றால் மேல்பாதை இப்போது தெரியவில்லை. வளைவின் முனையில் ஒரு தட்டைக்கல்லை உட்கார வாகாய்ப் புரட்டி வைத்தாள். அங்கிருந்துதான் அருவி முதன்முதலாகக் கண்ணில் படும்.

“இந்தாங்க, குடிங்க.”

“இருக்கட்டும்.”

கீழே பேச்சுக்குரல் கேட்டது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். தெய்வானை புதர்களுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

பிள்ளைகள் புதரண்டை வந்தார்கள். நிற்கவே இல்லை.

“அந்தக் கல்லு எனக்குத்தான்!”

“போடி, நாந்தான் முதல்ல!”

இருவரும் வளைவை நோக்கி ஓடினார்கள்.

அருளப்பன் கையை நீட்டினார்.

“இப்பக் குடு தண்ணிய.”